பட்டியலில் இருபத்தொன்று

பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் நடுவே நிற்கும் ‘அரை விளிம்பு’ நாடுகளைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படித்துப் பார்க்காமலேயே ‘தரமானது’ என்று மதிப்பிட்டிருந்தாள், துவாக்குடிக் கல்லூரி ஒன்றின் பேராசிரியை தேவதர்ஷினி.

“மேல இருபது நாடுன்னு போட்டிருக்கு, பட்டியல்ல இருபத்தொண்ணு இருக்கேங்க மேடம்?” என்று சக பேராசிரியர் வளவன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸிலேயே செல்போனில் கட்டுரையைத் திருத்தத் திறந்து, பட்டியலில் விரல் பட்ட ஒரு பெயரை, எந்த நாடென்றுகூடப் பார்க்காமல் நீக்கினாள். எண்ணிக்கை சரியாகிவிட்டது.

மறுநாள், மூன்று வருடமாக அவளிடம் ஆராய்ச்சி செய்யும் வெளிநாட்டு மாணவி ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள்.

“நான் எந்த நாடுன்னு இதுல எழுதணும் மேடம். எவ்வளவு யோசிச்சும் வரலை. உங்களுக்குத் தெரியுமே, சொல்லுங்க.”

தேவதர்ஷினிக்கும் அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. அவசரமாகக் கட்டுரையின் பழைய பதிப்பைத் திறந்தாள். அதிலும், அவள் நேற்று நீக்கிய அந்த ஒரு வரி காலியாக இருந்தது.

மாணவி பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, நம்பிக்கையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.