இறுகிய மூடி

"இந்த வீட்டுல எந்த மூடியையும் இறுக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?" காபித்தூள் பாட்டிலோடு மல்லுக்கட்டியபடி தம்பியிடம் எரிந்து விழுந்தார் அண்ணன்.

முடக்குவாதம் வந்தால் காலையில்தான் விரல் மூட்டுகள் அதிகமாக விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவர் மனைவியால் ஒரு மூடியைக்கூடத் திருக முடியாது. இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை. மூன்றாவதைத் தொடரலாமா என்று டாக்டர் இன்றுதான் சொல்லப்போகிறார்.

"எனக்கும் காபிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே அண்ணே!"

"அப்போ பேயா வந்து இறுக்குச்சு?"

"பேயெல்லாம் இல்ல, நான்தான்" என்று வந்து நின்றாள் மனைவி. "விடிஞ்சதும் காபி போட்டேன். பழைய ஞாபகத்துல கை இறுக்கிடுச்சு போல."

சொன்ன பிறகுதான் அவளே தன் விரல்களைப் பார்த்தாள்.

தம்பி பாட்டிலை வாங்கக் கை நீட்டினான். அண்ணன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"யாரும் தொறக்கக் கூடாது. இப்படியே டாக்டர்கிட்ட காட்டணும்!"