வசனம் இல்லாத நாடகம்

"வசனமே இல்லாம என்னா நாடகம்லா? பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவாங்க," என்றார் வேதநாயகம்.

"பொம்பளைங்க வாழ்க்கைப்பா, உடம்பே பேசும்," என்றாள் அதை இயக்கிய மகள் கேத்தரின். "அம்மாவ மட்டும் கண்டிப்பா கூட்டிக்கிட்டு வாங்க."

ஜார்ஜ்டவுன் அரங்க மேடையில் நான்கு பெண்கள் வெறுங்கையால் வாளி தூக்குவதுபோல் நடித்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள். இல்லாத பிள்ளையைத் தாலாட்டினார்கள். வேதநாயகத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் மனைவி ரோசம்மா சிரித்தாள், அழுதாள்.

பிறவியிலேயே காது கேட்காத அவளுக்கு, முப்பது வருடமாக எந்த நாடகம் என்றாலும் அவர்தான் வசனங்களைக் கைஜாடையில் சொல்லிவந்தார்.

இன்று அவர் திருதிருவென விழிப்பதைப் பார்த்த ரோசம்மா, அவர் முழங்காலைத் தட்டித் தன் பக்கம் திருப்பினாள். விரல்களை உயர்த்தி, ஆரம்பத்திலிருந்து கதை சொல்லத் தொடங்கினாள்.