முதல் புருஷனின் சம்மதம்

“அறுத்துக் கட்டுறதையெல்லாம் தோட்டத்து லயத்துல வச்சுக்குங்க. அம்மன் சந்நிதியில நான் செஞ்சு வைக்க மாட்டேன்,” என்றார் பூசாரி கலியாணசுந்தரம். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

மருதமுத்து பக்கத்தில் நின்ற அஞ்சலையைப் பார்த்தான். அவள் அசையவில்லை.

“இங்க தாலி கட்டினா இவரு கூட ஆயர் குரோ தோட்டத்துக்குப் போவேன் சாமி. இல்லன்னா இவரு பஸ் ஏறட்டும். எனக்குத் தெங்கேரா வீடுகள்ல தொவைக்கிற துணி கெடக்கு.”

மெர்டேக்கா சுதந்திர லீவு அன்றோடு முடிகிறது. விடிந்தால் மருதமுத்து கித்தா மரத்தடியில் ரப்பர் பால் சீவும் கத்தியோடு நிற்க வேண்டும். லீவு விட்டதிலிருந்து காஜா பேராங்கில் அவள் குடியிருந்த அறை வாசலில் வந்து வந்து நின்று, கெஞ்சி, திட்டு வாங்கி, அவளை இந்தக் கோயில் வரை நடக்க வைத்ததே பெரும்பாடு. இப்போது கைநழுவினால் இனிமேல் கதவையே திறக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரியும்.

“தாலியெல்லாம் எதுக்கு, சும்மா வான்னுதான் சொன்னேன் சாமி,” என்று முனகினான்.

“சும்மா வர்றதுக்கு வேற ஆளைப் பாருங்க. ஏற்கெனவே ஒருத்தி அப்படி வந்தா இல்ல?” என்றாள் அஞ்சலை.

பூசாரி நிமிர்ந்தார். “யாருய்யா அது?”

“ஜொகூர்ல இருந்தப்ப ஒருத்தி கூட இருந்தேன். போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா.”

“தாலி கட்டினியா?”

“இல்ல.”

“நல்ல ஆளு.” பூசாரி வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டார். “இவளை எப்படித் தெரியும்?”

“ஒரே தோட்டத்துல இருந்தோம் சாமி. சப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி.”

“அப்பவே மனசுல இருந்துச்சாக்கும்?”

“இருந்துச்சு. சொல்லத் தெரியல.”

“இப்ப மட்டும் தெரிஞ்சிருச்சாக்கும்,” என்றாள் அஞ்சலை.

பூசாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குய்யா வந்த?”

“முன்னாடியே வரணும்னுதான். வந்து நிக்கிறதுக்கு மூஞ்சி இல்ல.”

அதற்கு மேல் அவனைக் கிளறாமல் பூசாரி அஞ்சலையின் பக்கம் திரும்பினார். “உன் புருஷன் எப்படிப் போனான்?”

“சப்பான்காரங்க சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க. கூடப் போனவன் ஒருத்தன் திரும்பி வந்து சொன்னான், காலராவுல முடிஞ்சிட்டாரு, மூங்கில் காட்டுல போட்டு எரிச்சாங்கன்னு.”

“கருமாதி செஞ்சியா?”

“செய்யாம? பொணம் இல்ல. அவரு மரம் சீவுற கத்தியப் பாயில கெடத்தி வச்சு அழுதோம். அப்புறம் குழாயடியில உக்கார வச்சு வளையல உடைச்சாங்க. தாலிய அறுத்துப் பால் கிண்ணத்துல போட்டாங்க. பொட்டை அழிச்சவ கையில மண்ணு இருந்துச்சு, நெத்தி கீறிப்போச்சு.”

மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டான். லீவு முழுக்க அவனை என்னென்னவோ பேசியிருந்தாள். இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை. அவனும் கேட்டிருக்கவில்லை.

“ஆளு நல்லவனா?”

“சம்பள நாள்ல குடிப்பாரு. குடிச்சா அடிப்பாரு. சயாமுக்குப் போன அன்னிக்குக் காலையிலகூட, கஞ்சியில உப்பு இல்லன்னு மங்குக் கிண்ணத்தைத் தூக்கி வீசிட்டுத்தான் போனாரு.”

“அப்படிப்பட்டவனுக்கு எதுக்குடி அழுத?”

“உப்பு போட்டிருக்கலாமேன்னு.”

பூசாரி மெல்லுவதை நிறுத்தினார். வெளியே கொடி கட்டிய லாரி ஒன்று கூச்சலோடு போனது.

“போதும் சாமி,” என்றான் மருதமுத்து. “அந்த ஆளு பேச்சு இப்ப எதுக்கு?”

“ஏன்யா, செத்தவன் மேல பொறாமையா?”



பூசாரி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பினார். வாய் கொப்பளித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்நிதிப் படியில் வந்து நின்றார்.

“சரி, கட்டி வைக்கிறேன். இந்தப் பொண்ணு பட்டது போதும். ஆனா ஒண்ணு. வாழ வேண்டிய வயசுல போனவன், ஆசை அடங்கியிருக்காது. அவன்கிட்ட உத்தரவு வாங்காம அவன் பொண்டாட்டி கழுத்துல தாலி ஏற விட மாட்டேன். நாளைக்கு உங்க குடும்பத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா பழி என் தலையிலதான் விழும்.”

“வாங்கிடலாம் சாமி,” என்றாள் அஞ்சலை.

பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். “அவன் பேரைச் சொல்லு.”

அஞ்சலை உதட்டை அழுத்திக்கொண்டாள்.

“என்ன, புருஷன் பேரைச் சொல்ல மாட்டியா? போய்ச் சேர்ந்தவன்தானே, சொன்னா குத்தமில்ல.”

“வாய் வரல சாமி.”

“நல்லாருக்கு. பேர் இல்லாம நான் யாருகிட்டன்னு போய் உத்தரவு கேக்குறது? சீக்கிரம் சொல்லு, கற்பூரம் அணையப் போகுது.”

“இவருகிட்டயே கேட்டுக்குங்க,” என்று அஞ்சலை மருதமுத்துவைக் காட்டினாள். “சயாம்ல சாகாத மனுஷன், இப்பத்தான் ஜொகூர்லேருந்து வீடு வந்து சேர்ந்திருக்காரு.”