சூடு ஆறும்வரை

மலைச்சாலையின் பாதி இறக்கத்தில் சரக்கு லாரிகளை நிறுத்தி, சக்கரங்களின் பிரேக் டிரம்மைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதுதான் காவலர் சுகிர்தாவின் வேலை. கை பொறுக்காத சூடென்றால் லாரி ஓரமாக நிற்க வேண்டும். அப்படியே இறங்கினால் பிரேக் பிடிக்காது.

“காய்ச்சலா மேடம்? ஊசி போட்டு அனுப்பிடுங்க” என்று பின்னால் நின்ற லாரிக்காரர் சிரித்தார். சூடேறி நின்ற லாரியின் டிரைவர் மாதப்பன் சிரிக்கவில்லை.

“எங்கம்மாவ நாலு மணிக்கு எடுத்துருவாங்க மேடம். மெதுவாப் போயிடறேன்.”

“வண்டிய விட்டுட்டு பஸ்ல போங்கண்ணே.”

“சரக்க அநாதையா விட்டுட்டுப் போனா ஓனர் என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுருவாரு.”

அவள் மறுபடி தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். “முடியாதுண்ணே.”

மாதப்பன் லாரி நிழலில் குந்தி, தம்பியை வீடியோவில் அழைத்தார். “அம்மா முகத்தக் காட்டுடா. இன்னும் கிட்ட.”

சுகிர்தா சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்பேசியில் எழுந்த அழுகை மெல்ல விலகிப்போனது. அவள் திரும்பியபோது, தம்பி எங்கோ வைத்துவிட்டுத் தோள் கொடுக்கப் போயிருந்த செல்பேசி, காலியான வாசலையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் காட்டிக்கொண்டிருந்தது.

டிரம் ஆறியிருந்தது. “கிளம்பலாம்ணே” என்றாள்.

அவர் எழவில்லை. “எங்க மேடம்?” என்றார்.