தபோவனத்தில் சோதனை

இன்ஸ்பெக்டர், வரிசையில் முதலாவதாக நின்ற முனிவரின் தாடியைப் பிடித்து இழுத்தார். தாடி கையோடு வந்தது. அடியில் மீசைகூட அரும்பாத முகம். தாடியைக் கீழே போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

ஆசிரமப் பெண் வேஷத்தில் இருந்த ஜலஜா, மான்குட்டியை மார்போடு அணைத்தபடி அசையாமல் நின்றாள். வரிசையில் கடைசியாக நிற்கும் முனிவர் அவள் கணவன் மஹாதேவன். சர்க்காருக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்தவன் என்று மதராஸ் போலீஸ் அவனைத் தேடுகிறது. கல்கத்தாவுக்கு ஓடிவந்தவனுக்கு ஜடாமுடி வைத்து, காவி கட்டி, தன் படத்துக்குள்ளேயே ஒளித்து வைத்தவர் டைரக்டர் வாஞ்சிநாதன்.

வாஞ்சிநாதன் எதையும் எடுப்பார். புராணம் எடுத்தார், சிரிப்புப் படம் எடுத்தார், கத்திச் சண்டையும் எடுத்தார். நேற்று டாலிகஞ்சில் பக்கத்து ஸ்டுடியோவுக்குள் போலீஸ் புகுந்தது என்று தெரிந்தபோதுகூட, "நான் பார்த்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு" என்றுதான் ஜலஜாவிடம் சொன்னார்.

இப்போது அவர் காமிராவின் அருகே கைகட்டி நின்றார். வேலை சற்று நின்றாலே "விளக்கை அணைங்கோடா" என்று கத்துகிறவர், இன்று வாயைத் திறக்கவில்லை. பெரிய விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டே இருந்தன.

இன்ஸ்பெக்டர் மஹாதேவனின் தாடியை இழுத்தார். வரவில்லை. தலைமறைவாகத் திரிந்த நாட்களில் வளர்ந்த தாடி அது.

"நிஜத் தாடியா?"

"ஆமாம் ஸார். சொந்தத் தாடின்னா கூலி கொஞ்சம் கூடத் தருவா."

"பேரு?"

"வெங்கடசுப்ரமணியன். பாலிகஞ்ச்ல மாமா ஆத்துல இருக்கேன்."

குரல் நடுங்கவில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். ஜலஜா மான்குட்டியை இறுக்கியிருந்த பிடியைத் தளர்த்தினாள்.

வாசலுக்குப் போனவர் சட்டென்று திரும்பி, கூரை அதிரக் கூப்பிட்டார். "மஹாதேவா!"

மஹாதேவன் இமைக்கவில்லை. ஜலஜாவின் கண் மட்டும் அவன் பக்கம் ஓடி, ஓடிய வேகத்தில் மான்குட்டிக்குத் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் நேராக அவளிடம் வந்தார். "அவனை எதுக்கும்மா பார்த்தே?"

அவள் மான்குட்டியின் முதுகைத் தடவினாள். "நீங்க கத்தினதுல மான்குட்டி மெரண்டுடுத்து. கிட்டக்க இருக்கறவா யாராவது வந்து பிடிக்க மாட்டாளான்னு பார்த்தேன்."

அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. கடைசியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. அட்டையில் செய்த ஆசிரமத்து வாசலிலேயே உட்கார்ந்து, மான்குட்டியின் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள்.

வாஞ்சிநாதன் வந்து பக்கத்தில் குந்தினார். தேறுதல் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்தாள்.

"பதில் நன்னா சொன்னே. ஆனா கண்ணு அவன் பக்கம் போயிடுத்து" என்றார் தாழ்ந்த குரலில். "நிஜ போலீஸ் வரதுக்குள்ள இன்னொரு ஒத்திகை பார்த்துடலாம்."