நிற்க வேண்டிய இடம்

"அவர் நின்ன இடம் தப்பு. அவ்வளவுதான்."

விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரின் நடுவில் நின்று மேலாளர் மைக்கைப் பிடித்துச் சொன்னார். வலது முழங்கையில் பெரிய பிளாஸ்திரி. எதிரே மெக்கானிக்குகள் தலை குனிந்து நின்றார்கள். முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் செத்துப்போனவரின் மனைவி.

புருஷனின் பொருட்களை வாங்கிப்போக வந்தவளை, "கொஞ்சம் உட்காருங்கம்மா, அவருக்காகத்தான் கூட்டம்" என்று உட்கார வைத்திருந்தார்கள்.

"சிலிண்டர்ல இருக்கற நைட்ரஜன் அப்படியே டயருக்குள்ள பாயக் கூடாது. ரெகுலேட்டர்ல அழுத்தத்தைக் குறைச்சுத்தான் விடணும். அதை அவர் ஒழுங்காத்தான் செஞ்சார். சக்கரத்துல கண்ணுக்குத் தெரியாத விரிசல். அது யாரோட தப்பும் இல்லை. ஆனா, வெடிச்சா பக்கவாட்டுலதான் சிதறும். அப்போ நாம எங்க நிக்கணும்?"

"சக்கரத்துக்கு நேர் முன்னாடி சார்." சுரத்தில்லாமல் சில குரல்கள்.

"அவர் எங்க கிடந்தார்?"

யாரும் வாயைத் திறக்கவில்லை.

"பக்கவாட்டுல! இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் ஒரு நிமிஷ அலட்சியம். இனிமே யாருக்கும் இப்படி ஆகக் கூடாது."

அவள் எழுந்தாள்.

"சார், மக சைக்கிளுக்குக் காத்தடிச்சாக்கூட பக்கவாட்டுல நிக்க விட மாட்டார். 'முன்னாடி வா, முன்னாடி வா'ன்னு உயிரை எடுப்பார். 'என் சைக்கிள் என்ன பறக்கவா போகுது'ன்னு அவ கிண்டல் பண்ணுவா. அப்படிப்பட்ட மனுஷனா பக்கத்துல போய் நின்னார்?"

"யாரா இருந்தாலும் கொஞ்சம் அசந்துடறது உண்டும்மா."

"அலட்சியம்னு மட்டும் சொல்லாதீங்க சார். 'அப்பா மேலதான் தப்பா'ன்னு அவ கேட்டுக்கிட்டே இருக்கா. சாப்பிட மாட்டேங்கறா. நான் போய் என்ன சொல்லட்டும்?"

மேலாளர் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கேம்மா."

அவள் திரும்பி, நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் முடிந்ததும், கூட வேலை பார்த்த மெக்கானிக் வாசல்வரை பையைத் தூக்கி வந்தான். உள்ளே ஒரு சட்டை, சாப்பாட்டு டப்பா, ஒரு ஜோடி செருப்பு.

"தம்பி, அன்னைக்கு நீங்க கூடத்தானே இருந்தீங்க? அவர் ஏன் அங்க போனார்?"

அவன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"சார் போன்ல பேசிக்கிட்டே வந்து சக்கரத்துக்குப் பக்கவாட்டுல நின்னுட்டார் அண்ணி. டயர்ல என்னவோ சத்தம் கேட்டுச்சு. அண்ணன் சிலிண்டரை மூடிட்டு 'தள்ளுங்க சார், தள்ளுங்க'ன்னு கத்தினார். சார் காதுலயே வாங்கலை. அண்ணன் ஓடிப்போய் அவரைப் பிடிச்சுத் தள்ளிவிட்டார். சாருக்கு முழங்கையில சிராய்ப்பு. அண்ணன்தான்..."

அவள் ஹேங்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாரும் பார்த்தோம் அண்ணி."

"அப்புறம் ஏன் தம்பி உள்ள ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை?"

அவன் பையை அவள் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, நாங்க பாதுகாப்பான இடத்துலதான் நின்னோம் அண்ணி."