தாருக்குள் மூன்று ஓட்டை

ஞானமலர் விற்ற, அவள் கணவனின் பழைய தோணியை வாவியில் இறக்கிய அன்றே இளையதம்பி நனைந்துபோய்க் கரையேறினார். ஈரச் சாரத்தோடு நேரே அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏமாத்திப்போட்டாய் புள்ள. தோணி ஓட்டை. என்ட காசைத் தா."

"எனக்கென்ன தெரியும் அண்ணன்? சவுதியிலிருந்து இவர்தான் விக்கச் சொல்லிக் கடிதம் போட்டவர். எனக்கு வாசிக்கத் தெரியா. அத்தான்தான் வாசிச்சுக் காட்டினவர்."

அவள் கணவனின் தமையன் தோமஸ் கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார்.

"காசைத் தந்திர்றன். ஓட்டைக் கதையை விடுங்க."

"எப்பிடி விடுற? உளுத்த ஓட்டையெண்டா நானே அடைச்சிருப்பன். தாரைச் சுரண்டிப் பாத்தன். வட்டமா மூண்டு, குங்கிலியம் வச்சு அடைச்சிரிக்கி. எல்லாம் துவக்குச் சூடு பட்ட ஓட்டை. அதுவும் ஆள் இருந்து வலிக்கிற இடத்துக்கு நேர!"

தோமஸ் காசை எண்ணாமலே அவர் கையில் திணித்தார். இளையதம்பி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

"தோணிக்குத் தார் பூசினது ஆர் அத்தான்?"

"நான்தான்."

"எப்ப?"

"தம்பி... சவுதிக்குப் போன அடுத்த நாள்."

ஞானமலர் உள்ளே போய், மாதமொன்றாக வந்து, தலையணைக்குள் வைத்திருந்த எட்டுக் கடிதங்களையும் எடுத்து வந்தாள். ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த மாசக் கடிதத்தை எழுதிட்டீங்களா, அத்தான்?"